ஃப்ளூநெட் ரிவ்யூ: வீட்டு விசேஷத்துக்கு ஊர்ல இருந்து ஆள் வர்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய சைட்

ஃப்ளூநெட்னு ஒண்ணு இருக்கு, டபிள்யூ.எச்.ஓ (உலக சுகாதார நிறுவனம்) நடத்துறது. எந்த நாட்டுல இந்த வாரம் ஃப்ளூ எவ்வளவு ஓடுது, எந்த வகை ஓடுதுன்னு வாரா வாரம் கணக்கு போட்டு வைக்கிற சர்வீஸ், 1997ல இருந்து நடக்குது. காசு கிடையாது, லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது, யாரு வேணா பாக்கலாம். டாக்டருங்க, ரிசர்ச் பண்றவங்க மட்டும்தான் இதைப் பாக்கணும்னு ஒண்ணும் இல்ல. செட்டிநாட்டுல பெரிய வீடு வச்சிருக்கற, வெளிநாட்டுல சொந்தம் இருக்கற எந்தக் குடும்பத்துக்கும் இது அவசியம்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

ஏன்னா நம்ம வீடுகளோட நிலைமை வேற. வருஷத்துல பாதி நாள் பூட்டிக் கிடக்கும், வயசானவங்க ரெண்டு பேரும் ஒரு வேலையாளும் மட்டும் முகப்புல உக்காந்திருப்பாங்க, அப்புறம் ஒரு சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி), ஒரு கல்யாணம்னு வந்துட்டா ஒரே வாரத்துல கோலாலம்பூர், சிங்கப்பூர், மெல்போர்ன், லண்டன், நியூஜெர்சின்னு அத்தனை பேரும் திருச்சி ஏர்போர்ட்லயும் மதுரையிலயும் எறங்கி வந்து ஒரே பந்தியில உக்காந்து சாப்பிட்டு, ராத்திரி பாய விரிச்சு வரிசையா படுத்துக்குவோம். மெல்போர்ன்ல மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் ஃப்ளூ சீசன், லண்டன் நியூஜெர்சி பக்கம் அக்டோபர்ல ஆரம்பிச்சு மார்ச் ஏப்ரல் வரை போகும், சிங்கப்பூர்ல வருஷம் பூரா இருக்கும் ஆனா நடு வருஷத்துல ஒரு தடவை வருஷக் கடைசியில ஒரு தடவை ஏறும். அப்ப நம்ம எந்த மாசத்துல விசேஷம் வச்சாலும் யாரோ ஒரு பங்காளி ஊர்ல சீசன் நடந்துக்கிட்டுதான் இருக்கும். எம்பது வயசு தாண்டின அப்பத்தாவையும் ஐயாவையும் ஆசீர்வாதம் வாங்கறேன்னு அத்தனை பேரும் கட்டிப் பிடிப்போம். வருஷத்துக்கு உலகத்துல 2,90,000ல இருந்து 6,50,000 பேர் வரைக்கும் ஃப்ளூ சம்பந்தப்பட்ட மூச்சுக் கோளாறால இறக்கறாங்கன்னு டபிள்யூ.எச்.ஓ கணக்கு சொல்லுது, அதுல வயசானவங்கதான் அதிகம். சும்மா சளிக் காய்ச்சல்னு நாம விடற விஷயம் இது.

இது எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா நம்பர் மேல நம்பிக்கை வரும். 1952லயே டபிள்யூ.எச்.ஓ ஃப்ளூவைக் கண்காணிக்க ஒரு நெட்வொர்க் ஆரம்பிச்சிருச்சு, இப்ப அதை ஜிஸ்ரஸ்னு சொல்றாங்க. கிட்டத்தட்ட 130 நாட்டுல 150 சொச்சம் லேப் இதுல இருக்கு, இந்தியாவுக்கு புனேல இருக்கற என்.ஐ.வி (தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம்). ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆளுக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதுக்கு மேல காய்ச்சல், கூட இருமல், ஆரம்பிச்சு 10 நாளுக்குள்ளன்னா அவரோட மூக்கு தொண்டையில இருந்து சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க, அந்த எண்ணிக்கைய வாரா வாரம் அனுப்புவாங்க. வைரஸ்ல சிலதை மெல்போர்ன், லண்டன், டோக்கியோ, பெய்ஜிங், அட்லாண்டால இருக்கற பெரிய சென்டருங்களுக்கு அனுப்பி அது எப்படி மாறியிருக்குன்னு பாப்பாங்க. அதை வச்சுத்தான் வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரியில வடக்கு பாதி உலகத்துக்கும் செப்டம்பர்ல தெக்கு பாதிக்கும் ஊசியில என்ன வகை போடணும்னு முடிவு பண்றாங்க. ஊசி தயாரிக்க ஆறு மாசம் கிட்ட ஆகும், அதனால அவ்வளவு முன்னாடியே முடிவு பண்ணியாகணும். புனேயோ மெல்போர்னோ அனுப்புன அதே எண்ணிக்கையத்தான் நாம காரைக்குடியில உக்காந்து போன்ல பாக்கறோம்.

சரி, சைட்டுக்குள்ள போனா என்ன தெரியும்? நாட்டைத் தேர்ந்தெடுத்தா வாரம் வாரமா நிக்கிற பட்டைங்க வரும், ஒவ்வொரு பட்டையும் அடுக்கடுக்கா இருக்கும், ஃப்ளூ வகைக்கு ஒரு நிறம்னு, எச்1என்1 ஒரு நிறம், எச்3என்2 ஒரு நிறம், பி விக்டோரியா ஒரு நிறம், வகை பிரிக்காத ஏ ஒரு நிறம். முதல் தடவை பாக்கறவங்க உயரமான பட்டையப் பாத்து பயந்துடுவாங்க, அங்கதான் நிதானம் வேணும். பட்டை உயரம் எத்தனை பேருக்கு பாசிட்டிவ்னு மட்டும்தான் சொல்லும், எத்தனை பேருக்கு டெஸ்ட் பண்ணாங்கன்னு சொல்லாது. ஒரு நாட்டுல 6,000 பேருக்குப் பண்ணி 300 பாசிட்டிவ், இன்னொரு நாட்டுல 40 பேருக்குப் பண்ணி 12 பாசிட்டிவ்னு வைங்க, முதல் பட்டைதான் வானத்தைத் தொடும், ஆனா அங்க 5 சதவீதம்தான், ரெண்டாவதுல 30 சதவீதம், நம்ம கவலைப்பட வேண்டியது ரெண்டாவது. அதனால பாசிட்டிவிட்டி சதவீதம் எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க, 10 சதவீதத்தைத் தாண்டி ஏறிக்கிட்டே போனா அந்த ஊர்ல சீசன் ஆரம்பிச்சிருச்சுன்னு எடுத்துக்கலாம், ஐரோப்பாவுல அந்த 10 சதவீதத்தைத்தான் எல்லைக் கோடா வச்சிருக்காங்க. அப்புறம் சென்டினல், நான் சென்டினல்னு ஒரு ஃபில்டர் இருக்கும். சென்டினல்னா முன்னாடியே தேர்ந்தெடுத்து வச்ச ஆஸ்பத்திரிகள்ல ஒரே மாதிரி முறையில எடுக்கறது, வருஷா வருஷம் ஒப்பிட அதுதான் நல்லது.

கிராஃபை அப்படியே பின்னாடி இழுத்து 2020 ஏப்ரலுக்குப் போய்ப் பாருங்க, எல்லாரும் ஒரு தடவையாவது பாக்கணும். அது வரைக்கும் வருஷா வருஷம் மலை மாதிரி ஏறி எறங்கற பட்டைங்க அப்படியே தரையோட தரையாப் படுத்துடும், ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே கிடக்கும். டெஸ்ட் பண்ணாம விட்டதால மட்டும் இல்ல, சாம்பிள் நிறைய எடுத்தாங்க, ஃப்ளூதான் இல்ல. மாஸ்க், ஸ்கூல் மூடினது, ஃப்ளைட் நின்னது எல்லாம் சேந்து. பி யமகட்டான்னு ஒரு வகை 2020 மார்ச்சுக்கு அப்புறம் உலகத்துல எங்கயும் உறுதியா கண்டுபிடிக்கப்படவே இல்ல, அந்த நிறமே கிராஃப்ல காணாமப் போயிருச்சு. அதனாலதான் நாலு வகை ஊசியில இருந்து திரும்ப மூணு வகைக்கு வந்திருக்காங்க. ஃப்ளூ விதி மாதிரி வந்தே தீரும்னு பேசறவங்க கிட்ட நான் இந்த ஒரு கிராஃபத்தான் காட்டுவேன், ஆள் ஆளோட நெருங்கற விதத்தை மாத்தினா ஃப்ளூவும் மாறும்.

இப்ப குறை. பெரிய குறை இந்தியா பக்கம்தான். இந்தியான்னு போட்டா மொத்த நாட்டுக்கும் ஒரே கிராஃப். ஸ்ரீநகர்ல ஜனவரியில இருந்து மார்ச், டெல்லி புனே கொல்கத்தாவுல தென்மேற்கு மழை பெய்யற ஜூலையில இருந்து செப்டம்பர், நம்ம சென்னை வேலூர்ல வடகிழக்கு மழையோட அக்டோபர் நவம்பர்னு சீசன் ஊருக்கு ஊர் மாறுதுன்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆளுங்களே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. அப்படி இருக்கறப்ப எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்த கிராஃபப் பாத்து சிவகங்கை மாவட்டத்துல ஒரு முடிவுக்கு வர முடியாது. தென்னாசியான்னு ஒரு மண்டலம் போட்டா இன்னும் கலந்துடும். தமிழ்நாடுன்னு ஒரு பட்டன் இல்ல, அது இல்லாதது எனக்கு நிஜமாவே வருத்தம்.

அதுக்கு மேல இங்க டெஸ்ட் எடுக்கறதே கம்மி. நம்ம ஊர்ல எச்1என்1 சந்தேகம்னா நோயாளிங்கள ஏ, பி, சின்னு மூணு பிரிவாப் பிரிப்பாங்க. லேசான காய்ச்சல் சளி ஏ, அதிகக் காய்ச்சலோ இல்ல வயசானவங்க, கர்ப்பிணி, சுகர், ஆஸ்துமா மாதிரி இருக்கறவங்களோ பி, மூச்சுத் திணறல் நெஞ்சு வலி இருந்தா சி, இதுல சி பிரிவுக்கு மட்டும்தான் டெஸ்ட். அப்ப காரைக்குடியில ஒரு தெரு பூரா படுத்திருந்தாலும் கணக்குல ஏறுறது ஆஸ்பத்திரியில சேந்த ஒண்ணு ரெண்டு பேருதான். மாநில வாரியா பாக்கணும்னா டெல்லி என்.சி.டி.சி (தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம்) சைட்டுல ஒரு டேபிள் இருக்கு, அதுல எச்1என்1 கேஸும் இறப்பும் வருஷ வாரியா கிடைக்கும், 2015ல மட்டும் நாடு பூரா 2,990 பேர் இறந்திருக்காங்க, 2017ல 2,270. பயனுள்ள டேபிள்தான், ஆனா எச்3என்2 ஓடுற வருஷத்துல அதைப் பாத்து நிம்மதி அடையக் கூடாது, அதுல எண்ணறது எச்1என்1ஐ.

இன்னொரு குறை தாமதம். கடைசி ரெண்டு மூணு வாரத்துப் பட்டை எப்பவும் குட்டையாத் தெரியும், எறங்கிருச்சுன்னு நினைக்கத் தோணும், ஆனா ரிப்போர்ட் இன்னும் வந்து சேரலைங்கறதுதான் காரணம், அடுத்த வாரம் பாத்தா அதே பட்டை வளந்திருக்கும். அதனால கடைசி வாரத்தை விட்டுட்டு அதுக்கு முந்தின நாலஞ்சு வாரம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கறதுதான் சரி. போன்ல திறந்தா மெதுவாத்தான் திறக்கும், விரலால இழுத்தா கிராஃப் பாதி வெளிய போயிடும், லேப்டாப்ல பாக்கறது மேல். எல்லாம் இங்கிலீஷ்லதான். சிங்கப்பூர்ல இருக்கற எங்க ஆச்சிக்குப் பிரச்சனை இல்ல, வீட்டுல இருக்கற ஆத்தாவுக்கு நான்தான் படிச்சுச் சொல்லணும்.

மத்த சர்வீஸையும் பாத்துட்டுத்தான் சொல்றேன். அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிடிசி போடுற ஃப்ளூவியூ ரொம்ப சுத்தமா இருக்கும், மாநில வாரியா கலர் மேப், நியூஜெர்சி தனியாத் தெரியும், ஆனா அவங்க நாடு மட்டும். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் அரசாங்கமும் தனியா ரிப்போர்ட் போடுறாங்க. கூகுள் கூட ஒரு காலத்துல, 2008ல, ஆளுங்க என்ன தேடறாங்கன்னு வச்சே ஃப்ளூவைக் கணிக்கிறேன்னு ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, 2012-13 சீசன்ல நிஜத்தை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு காட்டிருச்சு, 2015ல நிறுத்திட்டாங்க. காய்ச்சல்னு டைப் பண்றது வேற, மூக்குல குச்சி விட்டு எடுத்துப் பாக்கறது வேற. லேப்ல இருந்து வர்ற நம்பருக்கு உள்ள மதிப்பு எனக்குப் புரிஞ்சது அந்தக் கதையப் படிச்சப்புறம்தான்.

எங்க வீட்டுல இது எப்படி உதவுச்சுன்னு சொல்றேன். 2025 கார்த்திகையில எங்க அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபதாம் கல்யாணம். அக்டோபர்லயே மலேசியாவுல ஸ்கூல் பிள்ளைங்க கிட்ட ஃப்ளூ ஏறி சில ஸ்கூல மூடறாங்கன்னு செய்தி வந்துச்சு, ஜப்பான்லயும் வழக்கத்துக்கு முன்னாடியே சீசன் ஆரம்பிச்சிருச்சு, லண்டன் பக்கமும் ஒரு மாசத்துக்கு மேல முன்கூட்டியே ஏறிக்கிட்டு வருது. ஃப்ளூநெட்ல போய்ப் பாத்தா ஜப்பான்லயும் இங்கிலாந்துலயும் எச்3என்2 நிறம்தான் ஓங்கி நிக்குது. அந்த வகையில சப்கிளேட் கேன்னு ஒரு மாறின வைரஸ், வடக்குப் பாதிக்கு ஊசி ஃபார்முலா பிப்ரவரியில முடிவானதுக்கு அப்புறம் பரவ ஆரம்பிச்சது, அதனால ஊசிக்கும் வைரஸுக்கும் கொஞ்சம் பொருத்தம் கம்மி. அப்படியும் இங்கிலாந்து சுகாதாரத் துறை நவம்பர்ல போட்ட முதல் கணக்குல, ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு ஆகாமத் தடுக்கறதுல பிள்ளைகளுக்கு 70ல இருந்து 75 சதவீதம், பெரியவங்களுக்கு 30ல இருந்து 40 சதவீதம் வேலை செய்யுதுன்னு வந்துச்சு. இது எனக்குப் போதும், ஒண்ணும் இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல்.

லண்டன்ல இருக்கற சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "ஏத்தா, நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு ஊசி"ன்னு கேட்டாக. உங்களுக்கு இல்ல சித்தப்பா, அப்பத்தாவுக்காகப் போடுங்க, ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும், அதனால இந்த வாரமே போட்டுட்டு வாங்கன்னு சொன்னதும் வேற பேச்சே இல்ல, மறுநாளே போட்டுட்டு போட்டோ அனுப்பிட்டாக. கோலாலம்பூர் ஆளுங்களுக்கும் குரூப்ல கிராஃப் படத்தோட போட்டேன். வெறும் எச்சரிக்கையாச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, உங்க ஊர்க் கோடு இப்படி ஏறுதுன்னு காட்டினா கேக்கறாங்க.

வந்தவங்கள்ல ஒரு சின்னப் பையனுக்கு எறங்கின அன்னைக்கே காய்ச்சல். அவனையும் அவன் ஆத்தாவையும் மேல்மாடி அறையில வச்சு சாப்பாடு மேலேயே அனுப்பிட்டோம். டாக்டர் உடனே பாத்து மாத்திரை எழுதிட்டாரு, ஃப்ளூ மாத்திரை ஒசல்டாமிவிர் 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன், அதனால நாளைக்குப் பாப்போம்னு தள்ளக் கூடாது. பந்திய மட்டும் ஏசி ஹாலுக்கு மாத்தணும்னு ஒரு பேச்சு வந்துச்சு, நான் விடல. நம்ம பாட்டன் பூட்டன் கட்டின வளவுல நடுவுல வானம் பாத்த முற்றம், மழைத் தண்ணி விழற அந்த எடத்தச் சுத்தி நாலு பக்கமும் தாழ்வாரம், காத்து எப்பவும் மேல ஏறிப் போய்க்கிட்டே இருக்கும். ஃப்ளூ பரவுறதுக்கு மூடின அறைதான் வசதி, அதுல இருந்து தப்பிக்க அந்த முற்றத்தை விட்டா வேற எடம் எது. தாழ்வாரத்துலயே எலை போட்டோம், அப்பத்தாவுக்கு முகப்புத் திண்ணையில நாற்காலி, கும்பிடறவங்க எட்டி நின்னே கும்பிட்டாங்க, இருமல் இருக்கறவங்க தாங்களாவே மாஸ்க் போட்டுக்கிட்டாங்க. அப்பத்தா முறுக்கிக்கிட்டாக, "என்னத்தா, பேரன் பேத்திய மடியில வச்சுக்கக் கூடாதா"ன்னு. அது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த வாரத்துல லண்டன் கோடும் கோலாலம்பூர் கோடும் எப்படி இருந்துச்சுன்னு பாத்தவளுக்கு வேற வழி தோணல.

ஊசி வாங்கறப்ப ஒரு விஷயம் கவனிங்க. டப்பாவுலயே எந்த சீசன் ஃபார்முலான்னு அச்சடிச்சிருக்கும், எஸ்எச் 2025 (தெக்குப் பாதி), என்எச் 2025-26 (வடக்குப் பாதி)ன்னு. பக்கத்து டவுன்ல ஒரு மருந்துக் கடையில முந்தின வருஷ சீசன் போட்ட டப்பாவ நீட்டினாங்க, எக்ஸ்பைரி இன்னும் கொஞ்ச நாள் இருக்குன்னாங்க. வாங்காதீங்க, வைரஸ் வருஷா வருஷம் மாறுறதுனாலதான் ஃபார்முலாவே மாத்தறாங்க. இது நம்ம இலவசத் தடுப்பூசித் திட்டத்துல இல்ல, கைக்காசு போட்டுத்தான் வாங்கணும், ஆயிரத்துக்கு மேல ஆகும், பெரியவங்க இருக்கற வீட்டுல அது வீண் செலவு இல்ல. நம்ம பக்கம் சீசன் ஐப்பசி கார்த்திகை மழையோட வர்றதால ஆவணி புரட்டாசிக்குள்ள போட்டுடணும்ங்கறது என் கணக்கு, எந்த டப்பா சரின்னு உங்க டாக்டர் கிட்டக் கேட்டுக்கோங்க.

5க்கு 4 குடுக்கறேன். அந்த ஒண்ணக் குறைச்சது மாநில அளவு இல்லாததுக்கு, அதுல டபிள்யூ.எச்.ஓ மேல மட்டும் பழி போட முடியாது, நம்ம பக்கத்துல இருந்து மாவட்ட வாரியா வாரா வாரம் வெளிய போடணும். டெங்குவுக்கு மாவட்டக் கணக்கு பேப்பர்ல வருது, ஃப்ளூவுக்கும் வரலாம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் மாதிரி லேப் வச்சிருக்கற மாநிலம் இது, முடியாததுன்னு இல்ல.

அடுத்து தைப்பூசத்துக்குப் பாக்கப் போறேன். குன்றக்குடியில இருந்து பழனிக்கு காவடியோட நடந்து போற கூட்டத்துல வெளிநாட்டுல இருந்து வந்து நடக்கறவங்க நிறைய, தை மாசம் இங்கிலாந்து, அமெரிக்கா பக்கம் குளிர் சீசன் உச்சியில இருக்கும், இந்தியாவுலயும் ஜனவரியில இருந்து மார்ச் வரை ஒரு ஏத்தம் உண்டு, ராத்திரி தங்கற எடத்துல நெருக்கிப் படுப்பாங்க. கூட நடக்கறவங்க மார்கழியிலேயே சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, அமெரிக்கா நாலையும் ஒரு தடவை பாத்துட்டு ஊசி போடாதவங்க போட்டுக்கோங்க, பையில ஒரு தெர்மாமீட்டரும் பத்து மாஸ்க்கும் வச்சுக்கோங்க, 38 டிகிரியத் தாண்டினா அன்னைக்கு நடைய நிறுத்திட்டு வழியில இருக்கற மருத்துவ முகாம்ல காட்டுங்க.